காப்புக்காட்டில் கன்று நட்டுக் கார்பன் கிரெடிட்: கிராம சபையில் தீர்மானம் போடலாமா?

கேள்வி: கானாற்றங்கரை (ஒடுகத்தூர் பக்கம்)

எங்கள் ஊர் ஒடுகத்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. கொல்லை முடிந்ததும் ஒரு கானாறு. அதைத் தாண்டினால் காப்புக்காட்டின் எல்லைக் கல். நான் வார்டு உறுப்பினர். வீட்டில் ஒரு கறவை மாடும் பதினோரு வெள்ளாடுகளும் இருக்கின்றன. அவற்றையும் வைத்துத்தான் கேட்கிறேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு நிறுவனத்தின் சார்பில் மூன்று பேர் வந்தார்கள். மலையின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார்கள். எங்கள் சரிவு அதில் பழுப்பாக இருந்தது. "இது சீரழிந்த காடு. 140 ஹெக்டேரில் ஒன்றரை லட்சம் நாட்டு மரக்கன்றுகள் நடுவோம். மரம் உறிஞ்சுகிற கரியமில வாயுவை அளந்து கார்பன் கிரெடிட்டாக விற்போம். ஊருக்கு வருடம் பத்து லட்சம் ரூபாய் வரும். குழி வெட்டுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் உங்கள் பெண்களுக்கே" என்றார்கள். அதற்கு ஈடாக, அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் வேண்டுமாம். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார்கள். ஊர் இத்திட்டத்தை வரவேற்கிறது, வேலிக்குள் மேய்ச்சலுக்குப் போக மாட்டோம் என்று அதில் இருக்கிறது.

எனக்குக் காடு வேண்டும். எங்கள் ஆயா இந்த ஊருக்கு வாழ வந்த காலத்தில் கானாற்றில் பங்குனி வரை ஊற்றுத் தோண்டிக் குடித்திருக்கிறார்கள். இப்போது தை பிறந்தால் வெறும் மணல்தான். உத்திரக்காவேரி வழியாகப் பாலாற்றுக்குப் போகிற தண்ணீர் இந்த மலையிலிருந்து இறங்குவதுதானே. மரம் வந்தால் முதலில் கும்பிடுகிறவள் நான்தான். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாமல் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வனவர், வேலூர்

அம்மா, முப்பத்திரண்டு வருடம் காக்கி போட்டவன் நான். பாதிக் காலம் உங்கள் மலைத்தொடரில்தான் நடந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலம் 1882ஆம் வருடத்து வனச் சட்டத்தின்படி காப்புக்காடு. அரசின் நிலம். ஊர் தீர்மானம் போட்டுவிட்டதாலேயே ஒரு நிறுவனம் அங்கே ஒரு குழி கூட வெட்ட முடியாது. ஆகவே முதல் கேள்வி, "வனத்துறையின் எழுத்து மூலமான உத்தரவு எங்கே?" என்பது. உத்தரவு இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். உத்தரவு இருந்தால் அதன் நகலை வாங்கி, தமிழில் எழுதி, பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். நிலம் ஊருடையது இல்லை என்னும்போது உங்கள் தீர்மானம் எதற்கு என்றும் தோன்றும். கார்பன் கிரெடிட்டைப் பதிவு செய்கிற அமைப்புகள், காட்டை நம்பி வாழ்கிறவர்களைக் கலந்து பேசியதற்குச் சான்று கேட்கும். அந்தச் சான்றுதான் உங்கள் தீர்மானம். உங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு விலை இருக்கிறது, தெரிந்துகொண்டு பேசுங்கள்.

அடுத்தது அந்தப் பழுப்புப் படம். எந்த மாதம் எடுத்தது என்று கேட்டீர்களா? நம்முடையது இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் வெக்காலியும் வேங்கையும் புரசும் மொட்டையாக நிற்கும். அப்போது மேலிருந்து படம் எடுத்தால் நல்ல காடும் பழுப்பாகத்தான் தெரியும். கார்த்திகையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி என் மனதில் இருபது வருடத்துக்கு மேலாக உறுத்துகிற ஒன்றைச் சொல்கிறேன். 1998இல் ஒரு சரிவில் நூறு ஏக்கர் நடவு என் பொறுப்பில் வந்தது. மதிப்பீட்டில் "புதர் நீக்கம்" என்று ஒரு வரி இருந்தது. பணம் ஒதுக்கியிருக்கிறது, செலவு செய்ய வேண்டும் என்று புதரை வெட்ட ஆள் விட்டேன். அவர்கள் வெட்டிக் குவித்ததில் பாதி, புதரே இல்லை. பழைய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய மறுதாம்பு. வெக்காலி, துரிஞ்சி, ஆச்சா. ஆடு கடித்துக் கடித்து முழங்கால் உயரத்திலேயே குத்தாக நின்றதால் பார்க்கிறவன் கண்ணுக்குப் புதராகத் தெரிந்தது. அந்தக் கட்டைகளுக்குக் கீழே நாற்பது ஐம்பது வருட வேர் இருந்தது. அதன் மேலேயே ஒன்றரை அடிக் குழி வெட்டி, பையில் வளர்த்த கன்றை வைத்தேன். மூன்றாம் வருடம் சித்திரையில் எண்ணிப் பார்த்தால் பத்துக்கு இரண்டு கன்று நின்றது. பாறை கிடந்ததால் குழி வெட்ட முடியாமல் விட்ட மூலையில் மட்டும், யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாத வெக்காலி என் தலைக்கு மேல் போயிருந்தது. நடவுத் திட்டம் நடந்த வரைக்கும் அங்கே ஆடு வரவில்லை, காவல் இருந்தது. அந்தக் காவல் ஒன்றுதான் அதற்குக் கிடைத்த உரம்.

வேங்கைக் கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வருடங்கள் வெயிலில் தண்டு காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். அடியில் வேர் பருத்துக்கொண்டே இருக்கும், மழை விழுந்ததும் திரும்பத் துளிர்க்கும். சுண்டுவிரல் கனம் தண்டுக்குக் கீழே மணிக்கட்டுக் கனம் வேரைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதைக் கணக்கெடுக்க வருகிறவர், தரைக்கு மேலே காய்ந்த குச்சியைப் பார்த்து "காலி இடம்" என்று எழுதிவிட்டுப் போவார்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சூரை முள் அல்லது களாச் செடி அடர்ந்த இடத்தில் குனிந்து, ஒரு கொம்பால் முள்ளைத் தூக்கி உள்ளே பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்த சந்தன விதை முளைத்திருக்கும். பளபளவென்று சின்ன இலை எதிரெதிராக இருக்கும். ஆட்டின் வாய் எட்டாத இடம் அது. சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சித்தான் பிழைக்கும். நாற்றங்காலில் கூடத் துணைக்குத் துவரையைப் போடுவோம். புதரை நீக்கினால் சந்தனத்துக்குக் காவலும் போயிற்று, சோறும் போயிற்று.

அதனால் அவர்களிடம் கேட்க வேண்டியது எத்தனை கன்று நடுவீர்கள் என்பதல்ல. "எத்தனை காவலாளுக்கு, எத்தனை வருடம் சம்பளம் கொடுப்பீர்கள்? ஏற்கெனவே இருக்கிற மறுதாம்பை எண்ணினீர்களா? எண்ணாமல் குழி வெட்ட மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?" இந்த மூன்றையும் கேளுங்கள்.

பதில்: நாடாவும் நோட்டும், காட்பாடி

அக்கா, மர அளவெடுப்பு என் வேலை. நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில் நாடாவைச் சுற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு. பத்து லட்சம் என்று சொன்னார்கள் இல்லையா, அதை மட்டும் உடைத்துக் காட்டுகிறேன்.

ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு கிரெடிட். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு டன் கார்பன் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம். நம் வறண்ட சரிவில் ஒரு ஹெக்டேருக்கு வருடம் 2 டன் உலர் மரம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வேரையும் சேர்த்து. அதில் கார்பன் 1 டன், கிரெடிட் 3.67. உங்கள் 140 ஹெக்டேருக்கு வருடம் சுமார் 514 கிரெடிட். ஒன்றுக்கு 1,000 ரூபாய் கிடைத்தாலும் மொத்த வரவு 5,14,000 ரூபாய். மூன்று காவலாளுக்கு மாதம் 12,000 வீதம் கொடுத்தால் வருடம் 4,32,000 போய்விடும். மீதியில் அளவெடுப்பு, தணிக்கை, பதிவுக் கட்டணம், நிறுவனத்தின் பங்கு. வளர்ச்சி நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு என்றாலும் பத்து லட்சம் என்பது திட்டத்தின் முழு வரவாகத்தான் இருக்கும். ஊருக்குப் பத்து லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தவிர, முதல் நாலைந்து வருடம் கன்று விரல் கனம்தான் இருக்கும், விற்க அதிகம் இருக்காது. பணம் எந்த வருடத்திலிருந்து என்பதையும் கேளுங்கள்.

இவர்கள் சொல்வது கார்பன் கிரெடிட்டா, மத்திய அரசின் பசுமைக் கிரெடிட்டா என்பதும் தெளிவாக வேண்டும். இரண்டும் வேறு. பசுமைக் கிரெடிட் விதிகள் 2023 அக்டோபரில் வந்தன. சீரழிந்த வனநிலத்தில் நிறுவனம் பணம் கொடுக்கும், நடுவது வனத்துறை. 2024 பிப்ரவரியில் வந்த வழிமுறையில் ஹெக்டேருக்கு 1,100 மரம் என்று வைத்தார்கள். 140ஐ 1,100ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் "ஒன்றரை லட்சம்" வருகிறது. மூன்று மீட்டருக்கு ஒரு கன்று. நம் முட்காட்டில் இயற்கை அப்படிக் கட்டம் போட்டு வளர்வதில்லை. 2025 ஆகஸ்டில் அந்த வழிமுறையையே மாற்றினார்கள். இப்போது ஐந்து வருடம் கழித்து, குறைந்தது 40 சதவீதம் மர நிழல் கவிந்திருந்தால், உயிரோடு நிற்கிற மரத்துக்குத்தான் கிரெடிட். வனவர் ஐயா சொன்ன "மூன்றாம் வருடச் சித்திரை"க்கு விதியே இறங்கி வந்திருக்கிறது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வேலிக்கு வெளியே விரட்டப்படுகிற ஆடு எங்கே போகும் என்பது எங்கள் தொழிலில் முதன்மையான கேள்வி. "கசிவு" என்போம். உங்கள் சரிவில் காடு வளர்ந்து, அடுத்த சரிவு மொட்டையானால், அந்த இழப்பைக் கழித்துத்தான் கிரெடிட் தர வேண்டும். ஆட்டுக்கு வழி சொல்லாத திட்டம் கணக்கிலும் தோற்கும்.

உகாண்டாவில் எல்கான் மலை என்று ஒன்று இருக்கிறது. 1993இல் தேசியப் பூங்காவாக அறிவித்து, உள்ளே இருந்த மக்களை வெளியேற்றினார்கள். 1994இல் நெதர்லாந்து மின்துறை உருவாக்கிய ஓர் அறக்கட்டளை, அந்தப் பூங்காவின் அழிந்த பகுதிகளில் 25,000 ஹெக்டேர் மரம் நட்டுக் கார்பனைக் கணக்கில் சேர்க்க ஒப்பந்தம் போட்டது. மரம் உண்மையாகவே வளர்ந்தது. ஆனால் அது தங்கள் நிலம் என்று சொன்னவர்களின் வழக்கு தீரவில்லை. கடைசியில் அவர்களே ஏராளமான மரங்களை வெட்டிவிட்டு மக்காச்சோளம் விதைத்தார்கள். அந்த மரத்தில் சேர்ந்த கார்பன் திரும்பக் காற்றுக்குப் போனது. உரிமையைத் தீர்க்காமல் நட்டால் மரமும் நிற்காது, மனிதர்களும் நிம்மதியாக இருக்க மாட்டார்கள். எங்கள் பயிற்சியில் கன்றின் இடைவெளிக்கு இரண்டு நாள், இதற்கு அரை மணி நேரம். அந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

பதில்: சாமைக்கொல்லை (பீஞ்சமந்தை)

அக்கா, நான் மேலே மலையில் இருக்கிறேன். மலையாளி என்கிற பழங்குடிச் சமூகம். இரண்டே விஷயம்.

அந்தத் தீர்மானத்தில் "மேய்ச்சலுக்குப் போக மாட்டோம்" என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலும் ஓர் உரிமை. கடுக்காய், நெல்லி, தேன், புளி எடுப்பதும் உரிமை. ஊர் காலங்காலமாகப் பாதுகாத்த காட்டை மீட்டு, காத்து, நிர்வகிக்கிற உரிமையும் அதில் இருக்கிறது. எங்களைப் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டை நம்பி வாழ்வதைக் காட்டினால் போதும். மற்றவர்கள் அதற்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் காட்ட வேண்டும். உங்கள் ஆயா சொல்கிற ஊற்றுக் கதையெல்லாம் அதற்கு உதவும், பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாகச் சட்டம் ஏற்கிறது. இன்னும் மனுவே கொடுக்காத உரிமையை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எதைக் கேட்பீர்கள்?

அடுத்தது தீ. மாசி முதல் சித்திரை வரை சருகு முழங்கால் அளவு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும். போன கோடையில் எதிர்ச் சரிவில் இரவெல்லாம் எரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைத்தோம். என் மகனுக்குப் புருவம் கருகிவிட்டது. தீ பரவாமல் பனிக்காலத்திலேயே சருகைக் கூட்டிக் கோடு எடுக்க வேண்டும். அது கூலி வேலைதான். குழி வெட்டுகிற கூலி ஒரு மாதத்தில் முடிந்துவிடும். தீக்கோடு எடுக்கிற கூலி வருடா வருடம் வரும். எங்களைக் கேட்டால் அதைத்தான் கேட்போம்.

கேள்வியாளர்: கானாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை, சும்மா இருக்கவில்லை.

வனவர் ஐயா எண்ணச் சொன்னாரே என்று வனக்காப்பாளரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு, நானும் குழுப் பெண்கள் நால்வரும் போனோம். கிணற்றுக் கயிற்றைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கட்டினோம். இப்படி நூறு சதுரம் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர் என்று காட்பாடித் தம்பி தனியாகச் சொல்லிக்கொடுத்தார். மூன்று இடத்தில் போட்டோம். மேல் சரிவில் ஒரு சதுரத்துக்குள் பதினான்கு அடிக்கட்டை துளிர்த்திருந்தது. நடுவில் ஒன்பது. ஊருக்கு மிக அருகில், விறகு வெட்டி ஆடு படுக்கிற இடத்தில் இரண்டே இரண்டு.

துளிர்த்த கட்டை ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். பலமுறை அரிவாள் பட்டு, தழும்பு மேல் தழும்பாக யானைக் கால் போல உருண்டிருந்தது. அதைச் சுற்றிப் பதினேழு தளிர். ஒவ்வொன்றின் நுனியும் ஒரே மட்டத்தில் கத்தரித்தது போல இருந்தது. என் ஆடுகளின் பல். இத்தனை வருடம் அந்த வழியாக நடந்திருக்கிறேன், அதை ஒரு மரம் என்று நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். "அது வெக்காலிதான், எங்கள் வீட்டு ஏர்க்காலுக்கு அங்கேதான் வெட்டினார்கள்" என்றார்.

இப்போது என் யோசனை இது. மேல் சரிவிலும் நடுவிலும் குழியே வேண்டாம், காவலும் தீக்கோடும் போதும். ஊரை ஒட்டிய கீழ்ச் சரிவில் மட்டும் நடலாம். மேய்ச்சலை ஒரேயடியாக மூடாமல் நாலு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தைத் தளிர் ஆட்டின் வாய்க்கு மேல் போகிற வரை அடைத்து, பிறகு அதைத் திறந்து அடுத்ததை அடைக்கலாம். அடைத்த பாகத்தில் புல்லைக் கையால் அறுத்துக்கொள்ள விட வேண்டும். நான் ஆடுகளை ஆறாகக் குறைக்கத் தயார். ஊரில் அறுபது எழுபது ஆடு வைத்திருக்கிறவர்களிடம் பேச என் ஆடு குறைந்திருந்தால்தான் வாய் இருக்கும்.

நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நடாத இடத்துக்குக் கிரெடிட் காட்டுவது கடினம், தானாக வருகிற காட்டை எங்கள் வேலை என்று நிரூபிக்க முடியாது என்றார்கள். இதற்கு என்ன சொல்வது?

பதில்: நாடாவும் நோட்டும், காட்பாடி

அக்கா, தானாக வந்திருந்தால் இந்த ஐம்பது வருடத்தில் வந்திருக்க வேண்டுமே. ஆடு கடித்த மட்டம்தான் அதற்குச் சாட்சி. அடைக்காமல் விட்ட ஒரு துண்டை ஒப்பீட்டுக்கு வைத்து, இரண்டையும் வருடா வருடம் அளந்தால் காவலால் கூடியது எவ்வளவு என்று தெரிந்துவிடும். உதவி பெற்ற இயற்கை மீளுருவாக்கம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது, அதற்கான வழிமுறைகளும் இருக்கின்றன. கடினம் என்பது உண்மை, ஏனென்றால் அளக்க வேண்டும், கன்றை எண்ணிப் படம் எடுத்தால் போதாது. அந்தச் சிரமத்துக்கு அவர்கள் தயாரில்லை என்றால், அவர்கள் இல்லாமலே வனத்துறையிடம் காவலும் தீக்கோடும் கேட்டு மனு கொடுங்கள். கிரெடிட் வராவிட்டாலும் வெக்காலி வரும். நீங்கள் எண்ணிய மூன்று சதுரத்தின் எண்களையும் தேதி போட்டு, வனக்காப்பாளரின் கையெழுத்தோடு இப்போதே பத்திரப்படுத்துங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வனவர், வேலூர்

அம்மா, பதினேழு தளிர் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான்கு முறை படித்தேன். அத்தனையும் வளர விட்டால் ஒன்றும் பருக்காது. நேராக, கட்டையின் அடியிலிருந்து கிளம்பிய இரண்டை விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். ஆனால் அதை வனத்துறையின் அனுமதியோடு, முதல் மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். எதை விடுவது, எதைக் கழிப்பது என்று எழுத்தில் சொல்ல வராது, கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஒடுகத்தூருக்கு வருகிறேன். வனக்காப்பாளரிடம் சொல்லி வையுங்கள். கயிறும் சுண்ணாம்பும் நான் கொண்டு வருகிறேன், விட வேண்டிய தளிருக்கு அடையாளம் வைப்போம். அரிவாள் அன்றைக்கு வேண்டாம்.